ஜிம்மி டன்: 12 ஆட்டம், இரண்டு அயர்லாந்து

மார்ச் 3 – ஒரு வாசகரின் கருத்து

கால்பந்தில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்த லெஸ்டர் அணியின் ஜேமி வார்டிதான் இங்கிலாந்துச் சாதனையாளர். அதற்கு முன்னால் யாரோ 12 ஆட்டத்தில் அடித்தார் என்று ஒவ்வொரு முறையும் 1930களில் ஆடிய அயர்லாந்துக்காரர் ஜிம்மி டன் பெயரை இழுக்கிறார்கள். ஆர்சனல் வாங்கி பெஞ்சில் உட்கார வைத்த ஆள் அவர். அயர்லாந்துக்காக வெறும் 15 ஆட்டம். பெரிய ஆட்டக்காரர் என்றால் இவ்வளவுதான் ஆடியிருப்பாரா?

மார்ச் 3, இரவு – என் பதில்

முதலில் பெஞ்ச். அந்தக் காலத்தில் பெஞ்சே கிடையாது. இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு 1965-இல்தான் வந்தது. 11 பேரில் உங்கள் பெயர் இல்லை என்றால் அந்தச் சனிக்கிழமை நீங்கள் ரிசர்வ் என்ற இரண்டாம் அணியோடு வேறு மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பீர்கள். கடைசி இருபது நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டு பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியெல்லாம் டன்னுக்கு இல்லை.

சாதனை விஷயம் எளிது. 1931 அக்டோபர் 24 முதல் 1932 ஜனவரி 1 வரை டன்னின் ஷெஃபீல்டு யுனைடெட் அணி அன்றைய முதல்தர லீக்கான முதல் டிவிஷனில் ஆடிய ஆட்டங்கள் 12. பன்னிரண்டிலும் டன் கோல் அடித்தார். வார்டி 2015 ஆகஸ்ட் 29-இல் தொடங்கி நவம்பர் 28-இல் 11-ஐத் தொட்டார். அடுத்த வாரம் ஸ்வான்சியோடு லெஸ்டர் 3-0 என்று வென்றது, மூன்றையும் மாரெஸ் அடித்தார், வார்டி அடிக்கவில்லை. பிரீமியர் லீக் சாதனை வார்டியுடையது. இங்கிலாந்தின் முதல்தர லீக் என்று பார்த்தால் டன்னுடையது. 1992-இல் போட்டியின் பெயரை மாற்றினார்கள், கால்பந்தை அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 4

காலையில் காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார்டிக்கு 11 ஆட்டத்துக்கு 13 வாரம் ஆனது, நடுவில் சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளிகள் இருந்தன. டன்னுக்கு 12 ஆட்டத்துக்குப் பத்து வாரம்கூட இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை என்றால் வட இங்கிலாந்தில் மைதானம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கோல் முகப்பில் புல் இருக்காது, சேறுதான் இருக்கும்.

2015-இல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு வார்டி அந்த 11-வது கோலைப் போட்டபோது இங்கே இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வர்ணனையாளர் டன் பெயரைச் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு அவர் அறிமுகம். அன்றிலிருந்து விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 4, மாலை

ஸ்டான் மார்ட்டென்சன் 1950-51 பருவத்தில் பிளாக்பூலுக்காக 15 ஆட்டத்தில் தொடர்ந்து அடித்தாரே என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார். உண்மைதான். ஆனால் அது அவர் களமிறங்கிய 15 ஆட்டம். நடுவில் காயத்தால் சில ஆட்டங்களை விட்டிருக்கிறார். அணி ஆடிய ஆட்டங்களை வரிசையாக எண்ணினால் டன், ஆட்டக்காரர் ஆடிய ஆட்டங்களை எண்ணினால் மார்ட்டென்சன். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஒரு வாரம்கூட விடாமல் களத்தில் நின்றவனுக்கு ஒரு படி மேலே வைக்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 7

இனி ஆளைப் பற்றி. எண்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த விவாதம் எங்கும் போகாது.

1905 செப்டம்பர் 3, டப்ளின் நகரின் ரிங்ஸெண்ட். துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளர் பகுதி. ஷாம்ராக் ரோவர்ஸ் அணி பிறந்ததும் அங்கேதான். அங்கிருந்த ஷாம்ராக் அவென்யூ என்ற தெருவின் பெயர்தான் அணிக்கும் வந்தது. ரிங்ஸெண்டில் ஒரு பையன் கால்பந்து ஆடாமல் வளர்வது கஷ்டம்.

1922-23 அயர்லாந்து உள்நாட்டுப் போர். டன் பதினேழு வயதுப் பையன். அண்ணன் கிறிஸ்டி, புதிய அரசை எதிர்த்த குடியரசுப் படைப் பக்கம். தம்பியையும் சந்தேகத்தின் பேரில் புதிய அரசு பிடித்துக்கொண்டுபோய் அடைத்தது. குர்ரா சமவெளியில் இருந்த தகரக் கொட்டகை முகாம், டின்டவுன் என்பார்கள். விசாரணை இல்லாத காவல். கைதிகளுக்குப் பொழுது போக ஒரே வழி பந்துதான். வெளியே வந்த டன், உள்ளே போன டன்னைவிட நல்ல ஆட்டக்காரர்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. பிற்காலத்தில் அயர்லாந்து அணியின் தலைவராக இருந்தவர், அதே அயர்லாந்து அரசின் முள்வேலிக்குள் இருந்தவர். அதை வைத்து அவர் பெரிதாகப் பேசியதாக எங்கும் படித்ததில்லை.

மார்ச் 8

ரோவர்ஸில் கொஞ்ச காலம். 1925-இல் கடல் கடந்து நியூ பிரைட்டன். மூன்றாம் டிவிஷன் வடக்கு, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். எட்டு ஆட்டம், ஆறு கோல். 1926 பிப்ரவரியில் ஷெஃபீல்டு யுனைடெட் 500 பவுண்டு கொடுத்து வாங்கியது.

உடனே வெளிச்சம் வந்துவிடவில்லை. முதல் மூன்று வருடத்துக்கு மேல் பெரும்பாலும் ரிசர்வ். ஏனென்றால் முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு இடத்தில் ஹாரி ஜான்சன் இருந்தார். அந்த அணிக்காக லீக்கில் 201 கோல் அடித்தவர், இரும்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். அவரை உட்கார வைத்துவிட்டு இருபது வயது அயர்லாந்துப் பையனை யார் இறக்குவார்கள்?

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

இடம் கிடைத்தபிறகு நடந்தது இது. 1929-30-இல் லீக் கோல் 36. 1930-31-இல் 41. 1931-32-இல் 33. 1932-33-இல் 26. நான்கு பருவத்தில் 136. ஷெஃபீல்டில் மொத்தம் 173 லீக் ஆட்டம், 143 கோல். முதல் டிவிஷனில் ஒரே பருவத்தில் அயர்லாந்துக்காரர் ஒருவர் அடித்த அதிகபட்சம் இன்றைக்கும் அந்த 41தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1929-30-இல் டன் 36 கோல் அடித்தும் அணி இருபதாவது இடம். பர்ன்லியும் ஷெஃபீல்டும் 36 புள்ளி. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கும் கோல் சராசரியில் ஷெஃபீல்டு தப்பித்தது, பர்ன்லி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கடைசி நாளில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்துக்கே போய் 5-1 என்று ஜெயிக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் நல்ல அணி இருந்ததால் கோல் வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 10

"ஆஃப்சைடு விதி மாறிய காலம், எல்லோரும்தான் அள்ளினார்கள்" என்று முதல் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். நியாயமான வாதம், சரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

1925 வரை, பந்து அனுப்பப்படும்போது அதை வாங்கப்போகிறவருக்கு முன்னால் எதிரணியில் மூன்று பேர் இருந்தால்தான் ஆஃப்சைடு என்ற தவறு இல்லை. 1925-இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். முதல் டிவிஷனில் 1924-25-இல் 1,192 ஆக இருந்த கோல் எண்ணிக்கை அடுத்த பருவமே 1,703 ஆனது. 1927-28-இல் டிக்ஸி டீன் 60 அடித்தார். 1930-31-இல் டன் 41 அடித்தும் முதலிடம் இல்லை. ஆஸ்டன் வில்லாவின் பாங்கோ வாரிங் 49 அடித்தார்.

ஆனால் இரண்டு விஷயம். வாரிங் ஆடிய வில்லா அந்தப் பருவம் 128 கோல் அடித்த அணி. டன்னின் ஷெஃபீல்டு பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்த அணி. அடுத்து, டன் உச்சத்தில் இருந்தபோது தற்காப்புக்காரர்கள் விதிக்குப் பழகிவிட்டார்கள். நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து எதிரணி சென்டர் ஃபார்வர்டின் முதுகோடு ஒட்டி நிறுத்தும் முறை ஆர்சனலிலிருந்து மற்ற அணிகளுக்கும் பரவிவிட்டது. 1926-இல் திறந்த வீட்டில் அடித்தவர்களோடு 1931-இல் அடித்தவரைச் சேர்க்கக் கூடாது.

மார்ச் 11

ஹெட்டர் பற்றிச் சொல்லாமல் விட்டால் டன்னைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. தங்க நிறத் தலைமுடி. அந்தத் தலையால் அடித்த கோல்கள்தான் அவரைப் பிரபலமாக்கின.

அந்தக் காலத்துப் பந்தைத் தலையால் முட்டுவது என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நாங்கள் பள்ளியில் ஆடிய பந்து, தோல் பட்டைகளைத் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டிய ரகம். பிளாஸ்டிக் பூச்சு எதுவும் இல்லை. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து கனத்துவிடும். கார்னரிலிருந்து வரும்போது நாடா முடிச்சு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும், அன்றைக்குச் சாயங்காலம் வரை தலை கனக்கும். பந்து சுழன்று வருகையில் நாடா எந்தப் பக்கம் என்று பார்த்து, அரை அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து முட்டப் பழகினோம். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் கொடுத்தார்கள். நானும் சென்டர் ஃபார்வர்டுதான். கனத்த பந்தை முட்டுவதைவிட அதை ஒரு மூலைக்குக் குறிபார்த்து அனுப்புவதுதான் கஷ்டம். டன் அதை டிசம்பர் சேற்றில் வாராவாரம் செய்தார்.

மார்ச் 15

இப்போது அந்த 15 ஆட்டம். "பெரிய ஆட்டக்காரர் என்றால் இவ்வளவுதான் ஆடியிருப்பாரா" என்ற வரிதான் என்னை இவ்வளவும் எழுத வைத்தது.

1921 வரை தீவு முழுவதற்கும் ஒரே சங்கம், பெல்ஃபாஸ்டிலிருந்த ஐரிஷ் கால்பந்து சங்கம். ஐரிஷ் கோப்பை அரையிறுதியில் கிளெனாவனும் ஷெல்பர்னும் பெல்ஃபாஸ்டில் சமன் செய்தன. மறு ஆட்டம் டப்ளினில் நடக்க வேண்டும் என்று ஷெல்பர்ன் நினைத்தது. சங்கம் அதையும் பெல்ஃபாஸ்டிலேயே வைத்தது. ஷெல்பர்ன் போகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் டப்ளினில் தனிச் சங்கம் பிறந்தது. 1923-இல் ஃபிஃபா அதை அங்கீகரித்தது. பெல்ஃபாஸ்ட் அதற்குப் பிறகும் தன் அணிக்கு அயர்லாந்து என்றே பெயர் வைத்து, தெற்கில் பிறந்தவர்களையும் சேர்த்தே 1950 வரை அணி எடுத்தது.

ஆக ஒரே ஆள் இரண்டு அயர்லாந்துக்கு ஆடலாம். டன் ஆடினார். பெல்ஃபாஸ்ட் அணிக்கு 1928 முதல் 1932 வரை 7 ஆட்டம், 4 கோல். டப்ளின் அணிக்கு 1930 முதல் 1939 வரை 15 ஆட்டம், 13 கோல்.

இந்த 15-ஐப் பிரித்துப் பாருங்கள். முதல் ஆட்டம் 1930 மே மாதம், பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தோடு. 3-1 வெற்றி, அதில் இரண்டு டன்னுடையது. அடுத்தது 1936 மார்ச் 17, ஸ்விட்சர்லாந்தோடு, புனித பேட்ரிக் தினம். 1-0, அந்த ஒன்றும் டன். நடுவில் ஆறு வருடம் ஒன்றுமே இல்லை! 41 கோல் அடித்த பருவம், 12 ஆட்டத் தொடர், ஆர்சனலுக்குப் போனது எல்லாம் அந்த ஆறு வருடத்துக்குள் நடந்தவை.

காரணம் கிளப்புகள். பிரிட்டிஷ் நாடுகளுக்கு இடையிலான போட்டி சனிக்கிழமை நடக்கும், அதற்கு ஆளை விட்டார்கள். டப்ளின் அணி ஆடுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு விட வேண்டிய கட்டாயம் இங்கிலாந்து கிளப்புகளுக்கு இல்லை, அவை விடவும் இல்லை.

மார்ச் 15, இரவு

இதில் எனக்கு ஒரு சொந்தக் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து அலுவலக அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். மாவட்ட அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதே வாரத்தில் அலுவலகங்களுக்கு இடையிலான போட்டி. விடுப்பு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "சம்பளம் யார் தர்றாங்க?" என்று மட்டும் கேட்டார் மேலாளர். அடுத்த வருடம் முழங்கால் போய்விட்டது, மறு அழைப்பு வரவில்லை. யாராவது ஒரு ஆட்டக்காரரின் தேசிய ஆட்டங்களை எண்ணி அவரை எடைபோட்டால் எனக்கு அந்த விண்ணப்பம்தான் நினைவுக்கு வருகிறது. எத்தனை முறை ஆடினார் என்பது பாதிக் கதைதான். எத்தனை முறை விடவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.

மார்ச் 17

கோபம் அடங்கியபின் ஷெஃபீல்டு பக்கத்திலிருந்தும் யோசித்தேன். கோல் சராசரியில் தப்பித்த அணி அது. ஒரே ஒரு ஆள் கோல் அடிக்கிறார். சனிக்கிழமை ஆடிவிட்டு, ரயில் பிடித்து, ராத்திரிக் கப்பலில் ஐரிஷ் கடலைத் தாண்டி, ஞாயிறு டப்ளினின் டேலிமவுண்ட் பார்க் மைதானத்தில் இன்னொரு ஆட்டம் ஆடி, திரும்பக் கப்பல் ஏறி வர வேண்டும். கால் உடைந்தால் நஷ்டம் யாருக்கு? அவர்கள் பயந்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை துளிகூட ஆட்டக்காரரிடம் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. அன்றைய உச்சவரம்புச் சம்பளம் பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. எவ்வளவு கோல் அடித்தாலும் அதற்கு மேல் தரக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விட்டால்தான் வேறு கிளப் போகலாம். 8,250 பவுண்டுக்கு டன் ஆர்சனலுக்குக் கைமாறியபோது அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய கையெழுத்துத் தொகை 10 பவுண்டு. அந்த உச்சவரம்பு 1961 வரை நீடித்தது.

மார்ச் 18

பேடி மூர் என்ற ஆட்டக்காரரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் டப்ளின், அவரும் ரோவர்ஸ், பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீன். 1934 பிப்ரவரி 25, ஞாயிறு, டேலிமவுண்டில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. பெல்ஜியத்தோடு 4-4. அயர்லாந்தின் நான்கு கோலும் மூர். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த முதல் ஆள். அந்த நாளில் டன் ஆர்சனல் ஆள். இருவரும் சேர்ந்து அன்றைக்கு ஆடியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து 5-2 என்று வென்றது. இத்தாலியில் நடந்த அந்த உலகக் கோப்பைக்கு அயர்லாந்து போக முடியவில்லை.

மூரின் வாழ்க்கை குடியால் சீக்கிரம் சரிந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

மார்ச் 22

ஆர்சனல். ஹெர்பர்ட் சாப்மன் 1933 செப்டம்பரில் வாங்கினார். ஷெஃபீல்டுக்குப் பணமுடை. அந்தப் பருவ முடிவில் ஷெஃபீல்டு யுனைடெட் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டன் இல்லாத அணி எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆர்சனலில் அந்தப் பருவம் 21 லீக் ஆட்டம், 9 கோல், சாம்பியன் பட்டம். "வாங்கி உட்கார வைத்த ஆள்" என்பவர்கள் பட்டம் வென்ற அணியில் பாதிப் பருவம் அவர்தான் சென்டர் ஃபார்வர்டு என்பதைச் சொல்வதில்லை. ஆனால் 1934 ஜனவரி 6-ஆம் தேதி சாப்மன் இறந்தார். மார்ச்சில் சவுத்தாம்ப்டனிலிருந்து டெட் டிரேக் வந்தார். அடுத்த பருவம் டிரேக் அடித்தது 42. டன்னுக்கு அந்தப் பருவம் கிடைத்த லீக் ஆட்டம் ஒன்றே ஒன்று. அதற்கடுத்த பருவம் ஆறு.

1936-இல் ஆர்சனல் அவரை 1,000 பவுண்டுக்கு விற்றது. எங்கே தெரியுமா? டிரேக் வந்த அதே சவுத்தாம்ப்டனுக்கு. இரண்டாம் டிவிஷனில் 36 ஆட்டம், 14 கோல்.

மார்ச் 23

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ஆர்சனலில் அவர் வீணாகிவிட்டார் என்றுதான் நானும் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். முன்பு எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. டன்னுக்கு டப்ளின் அணி திரும்பக் கிடைத்தது ஆர்சனலில் இடம் போனபிறகுதான். ஆர்சனலுக்கு அவர் முதல் தேர்வாக இருந்திருந்தால் 1936 மார்ச்சில் டப்ளினுக்கு வந்திருப்பாரா என்பது சந்தேகம். ஸ்விட்சர்லாந்து ஆட்டத்துக்குப் பிறகு மே மாதம் ஹங்கேரியோடு புடாபெஸ்டில் 3-3, டன் இரண்டு. லக்சம்பர்க்கோடு 5-1, டன் இரண்டு. முப்பது வயது, வேகம் குறைந்த கால். அப்படியும் இந்தக் கணக்கு.

அவருடைய சிறந்த ஆறு வருடத்தை ஷெஃபீல்டுக்காரர்கள் பார்த்தார்கள். டப்ளின்காரர்கள் அதைச் செய்தித்தாளில் படித்தார்கள். எனக்கு அதுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய இழப்பு. ஆர்சனல் மைதானமான ஹைபரி இல்லை.

மார்ச் 26

1937-இல் ஊர் திரும்பினார். ஷாம்ராக் ரோவர்ஸில் ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும். 1937-38 லீக் பட்டம், 1938-39 லீக் பட்டம், 1940-இல் கோப்பை. 1942 முதல் ஐந்து வருடம் போஹீமியன்ஸில் பயிற்சியாளர், பிறகு மீண்டும் ரோவர்ஸ். வெளியூரில் ஓய்ந்துபோய் வந்து உட்கார்ந்த ஆளின் கணக்கா இது?

மார்ச் 26, பிறகு

ஜெர்மனியின் பிரேமன் நகரில் 1939-இல் நடந்த ஆட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மே 23, ஜெர்மனியோடு 1-1. அயர்லாந்து அணித் தலைவர் டன், அவருடைய கடைசி தேசிய ஆட்டம். ஆட்டத்துக்கு முன் அயர்லாந்து அணியும் கை நீட்டி நாஜி வணக்கம் வைத்தது. கை நீட்டியபடியே, ஆக்ரிமையும் (அயர்லாந்து தோற்ற பழைய போர்க்களம்) 1916-ஐயும் (பிரிட்டனுக்கு எதிரான டப்ளின் எழுச்சி) மறக்காதீர்கள் என்று டன் சகாக்களிடம் சொன்னதாக ஒரு கதை டப்ளினில் உண்டு. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக வணக்கத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். விசாரணையில்லாமல் முகாமில் அடைபட்ட ஒருவர் அந்த மைதானத்தில் கையை உயர்த்த வேண்டி வந்தது எனக்குக் கசக்கிறது. முடிவெடுத்தது சங்க அதிகாரிகள், அதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு போர். அயர்லாந்து அடுத்த சர்வதேச ஆட்டம் ஆடியது 1946-இல்தான்.

ஏப்ரல் 2

1949 நவம்பரில் மாரடைப்பு. வயது 44. ரோவர்ஸ் பயிற்சியாளராக இருக்கும்போதே போய்விட்டார்.

ஏப்ரல் 5

முதல் வாசகர் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்: "15 ஆட்டத்தில் 13 கோல் சரி, அது அப்போது எவ்வளவு பெரிய விஷயம்?"

டப்ளின் அணியின் அதிக கோல் சாதனையாக அந்த 13 அறுபதுகள் வரை நின்றது. அதைத் தாண்டியவர் நோயல் கான்ட்வெல், 14 கோல். கான்ட்வெல்லுக்கு அதற்குக் கிடைத்த ஆட்டங்கள் 36.